உப்புக்குள்ள உக்காந்திருக்கற தண்ணி: படிக நீர் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத எழுத உக்காந்ததுக்கு காரணம் நானே பண்ணின ஒரு சொதப்பல்தான், அத மொதல்ல சொல்லிடறேன். 0.1 மோலார் காப்பர் சல்ஃபேட் சொல்யூஷன் ஒரு லிட்டர் போடணும் (ஃபார்முலா எடைய அப்படியே கிராம்ல எடுத்தா அது ஒரு மோல், 0.1 மோலார்னா லிட்டருக்கு அதுல பத்துல ஒரு பங்கு). புக்ல ஃபார்முலா எடை 159.6னு போட்டிருந்துச்சு, 15.96 கிராம் நிறுத்து கரைச்சு ஊத்தி லேபிளும் ஒட்டியாச்சு. ஆனா கையில இருந்த பாட்டில்ல இருந்தது பளபளன்னு நீலப் படிகம், அதோட எடை 249.7. நான் எடுத்திருக்க வேண்டியது 24.97 கிராம். 0.1னு எழுதி வச்ச பாட்டில்ல இருந்தது வெறும் 0.064தான், அன்னிக்கு முழுக்க எடுத்த ரீடிங் எல்லாம் குப்பை. வித்தியாசம் சுமார் 9 கிராம் பாருங்க, அந்த 9 கிராமும் தண்ணி. கையில தொட்டா ஒட்டாத, காகிதத்துல வச்சா நனையாத தண்ணி. அதப் பத்திதான் கீழ இருக்கற கேள்வி எல்லாம்.

படிக நீர்னா என்ன? காஞ்ச உப்புக்குள்ள தண்ணி எப்படி இருக்கும்?

சில உப்பு தண்ணில கரைஞ்சு இருந்துட்டு மறுபடி படிகமா கட்டும்போது, தன்னோட அயனிகள (மின்சுமை ஏறின துகள்கள) மட்டும் அடுக்காது, கூடவே தண்ணி மூலக்கூறையும் சேத்து அடுக்கும். செவுரு கட்டும்போது செங்கல்லோட செங்கல்லா அதுவும் ஒரு கல்லு மாதிரி உள்ள போயிடும். அந்த தண்ணிக்குத்தான் படிக நீர், படிகமாக்கல் நீர்னு பேரு. தண்ணி இருக்கற உப்பு நீரேறிய உப்பு, அத விரட்டினப்பறம் மிஞ்சறது நீரற்ற உப்பு.

முக்கியமான சங்கதி எண்ணிக்கை. மயில்துத்தத்துல (மேல சொன்ன நீலப் படிகம்தான்) ஒரு காப்பர் சல்ஃபேட்டுக்கு 5 தண்ணி, எப்சம் உப்புல (மெக்னீசியம் சல்ஃபேட்) 7, வாஷிங் சோடா படிகத்துல 10, படிகாரத்துல 12. எங்க தயாரிச்சாலும் யாரு தயாரிச்சாலும் அதே எண்ணிக்கைதான் வரும், மழைக்காலத்துல ஆறு வெயில்காலத்துல நாலுன்னு மாறாது. ஃபார்முலாவுல நடுவுல ஒரு புள்ளி வச்சு எழுதறது இந்த எண்ணிக்கையத்தான். அது பெருக்கல் குறின்னு நினைச்சு கணக்கு போட்டு மாட்டிக்கிட்டவங்க நிறைய பேரு, புள்ளிக்கு அர்த்தம் 'கூட' அவ்வளவுதான், எடைய கூட்டணும்.

அளவு எவ்வளவுன்னு கேட்டா நம்பவே மாட்டீங்க. ஒரு கிலோ வாஷிங் சோடா படிகத்துல சுமார் 629 கிராம் தண்ணி. பாதிக்கு மேல தண்ணி, ஆனா கைல எடுத்தா கல்லு மாதிரி இருக்கும்.

அப்ப ஈரமா இருக்கற உப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் தண்ணிதானே?

தண்ணிதான், ஆனா இருக்கற இடம் வேற. ஈர உப்புல தண்ணி மேலாக்க ஒட்டிக்கிட்டிருக்கு, ரெண்டு வடிதாளுக்கு நடுவுல வச்சு அமுக்கினா தாள் நனையும், எடை குறையும், ஒருத்தர் உப்புல 2 சதவீதம் இன்னொருத்தர் உப்புல 7 சதவீதம்னு இருக்கலாம். நல்லா ஒத்தி எடுத்த மயில்துத்தத்த அதே மாதிரி அமுக்கிப் பாருங்க, தாள் காஞ்சே இருக்கும், ஆனா அந்த படிகத்துல 36.1 சதவீதம் தண்ணி இருக்கு.

இன்னும் ரெண்டு விஷயத்த இதோட போட்டு குழப்பிக்கறாங்க. சாதா உப்புக் கல்ல சூடு பண்ணா படபடன்னு வெடிக்கும், "பாத்தியா உள்ள தண்ணி இருக்கு"ம்பாங்க. அது படிக நீர் இல்ல. படிகம் வளரும்போது உள்ள சின்ன சின்ன குழில மாட்டிக்கிட்ட உப்புத் தண்ணி, சூட்டுல ஆவியாகி வெளிய வர வழி இல்லாம படிகத்த உடைச்சுக்கிட்டு வருது. அதுக்கு எண்ணிக்கையும் கிடையாது விகிதமும் கிடையாது.

ரெண்டாவது சுண்ணாம்பு. நீர்த்த சுண்ணாம்ப நல்லா காய்ச்சினா தண்ணி ஆவியா வரும், அதுக்காக அதுவும் நீரேறிய உப்புன்னு சொல்ல முடியாது, ஏன்னா அதுக்குள்ள தண்ணி மூலக்கூறே இல்ல, இருக்கறது ஹைட்ராக்சைடு அயனி. சூட்டுல ரெண்டு ஹைட்ராக்சைடு சேந்து அப்பத்தான் ஒரு தண்ணி உருவாகுது. வெண்காரம் (போராக்ஸ்) இதுல பெரிய கள்ளன், புக்ல எல்லாம் 10 தண்ணின்னு எழுதியிருக்கும், ஆனா உள்ளார அமைப்ப பாத்தா அதுல 8தான் நெஜமான தண்ணி, மீதி ரெண்டுக்கு சமமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் போரான் கூட ஹைட்ராக்சைடா பிணைஞ்சு கிடக்கு. எடைக் கணக்குக்கு பத்துன்னே வச்சுக்கலாம், தப்பு வராது.

உள்ள அந்த தண்ணி சும்மா கிடக்குதா, எதையாவது பிடிச்சுக்கிட்டு இருக்குதா?

இந்த கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன். தண்ணி மூலக்கூறுக்கு ஒரு பக்கம் லேசான மைனஸ் (ஆக்சிஜன் இருக்கற பக்கம்), இன்னொரு பக்கம் லேசான பிளஸ் (ஹைட்ரஜன் பக்கம்). அதனால உலோக அயனி கிட்ட ஆக்சிஜன் பக்கத்த காட்டி ஒட்டிக்கும், சல்ஃபேட் மாதிரி மைனஸ் அயனி கிட்ட ஹைட்ரஜன் பக்கத்த நீட்டி ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கும். ஒரே மூலக்கூறு ரெண்டு பக்கமும் கை கொடுத்து நிக்கும்.

மயில்துத்தத்துல இருக்கற 5 தண்ணியும் ஒரே மாதிரி இல்ல. நாலு தண்ணி காப்பர் அயனிய சுத்தி நாலு மூலைல நேரடியா ஒட்டியிருக்கு. அஞ்சாவது தண்ணி காப்பர தொடவே தொடாது, மத்த தண்ணிக்கும் சல்ஃபேட்டுக்கும் நடுவுல ஹைட்ரஜன் பிணைப்புல தொங்கிக்கிட்டிருக்கும். 1934ல பீவர்ஸ், லிப்சன்னு ரெண்டு பேரு எக்ஸ்ரே வச்சு இத கண்டுபிடிச்சாங்க, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல கையால கணக்கு போட்டு. பச்சைத் துத்தத்துலயும் (ஃபெரஸ் சல்ஃபேட்) இதே கதைதான், 7ல 6 இரும்ப சுத்தி, ஒண்ணு தனியா. படிகாரத்துல 12 தண்ணிய அலுமினியம் ஆறு பொட்டாசியம் ஆறுன்னு பங்கு பிரிச்சுக்கும்.

ஜிப்சம் இன்னும் அழகு. அதுல கால்சியமும் சல்ஃபேட்டும் சேந்த அடுக்கு, அதுக்கு மேல தண்ணி அடுக்கு, மறுபடி கால்சியம் சல்ஃபேட்னு ஏடு ஏடா இருக்கும். தண்ணி அடுக்கு வழியா பிடிப்பு கம்மி, அதனாலதான் நல்ல ஜிப்சம் படிகத்த நகத்தால கீறலாம், பிளேடு வச்சா மெல்லிசா ஏடு ஏடா உரியும். கையில ஒரு ஏடு எடுத்து வெளிச்சத்துல பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும், நீங்க பிரிச்சது தண்ணி வழியாத்தான்னு நினைச்சா ஒரு மாதிரி இருக்கும்.

மயில்துத்தத்த சூடு பண்ணா என்ன நடக்கும்? படிப்படியா சொல்லுங்க.

டெஸ்ட் டியூப்ல ஒரு ஸ்பூன் பொடி பண்ணின படிகத்த போட்டு, வாய் பக்கம் கொஞ்சம் கீழ சாயற மாதிரி கிளாம்ப்ல மாட்டுங்க. இந்த சாய்ப்ப மறந்தா கண்ணாடி போச்சு, வெளிய வர ஆவி வாய்கிட்ட குளுந்து தண்ணியா மாறி திரும்ப சூடான அடிப்பக்கம் ஓடி வந்து டியூப்ப விரிசல் விட வச்சிடும். சின்ன சுடர், ஆட்டி ஆட்டி காட்டணும்.

மொதல்ல ஒண்ணும் தெரியாது. அப்புறம் ஓரத்துல நீலம் வெளுக்க ஆரம்பிக்கும், வெளிர்நீலம் ஆகும், டியூப் வாய்கிட்ட பனி மாதிரி மங்கும், அந்த மங்கல் சேந்து சேந்து துளியாகி சொட்டும். 63 டிகிரி வாக்குல ரெண்டு தண்ணி கிளம்பும், 109 கிட்ட இன்னும் ரெண்டு, கடைசி ஒண்ணு மட்டும் 200 டிகிரி வரைக்கும் அடம்பிடிக்கும். இந்த டிகிரி எல்லாம் எவ்வளவு வேகமா சூடு பண்றீங்க, பொடி எவ்வளவு நைஸ்ங்கறத பொறுத்து முன்ன பின்ன ஆகும். கடைசில மிஞ்சறது சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி.

அங்கயே நிறுத்தணும். பொடி கறுக்க ஆரம்பிச்சு மூக்குல ஏறற நெடி வந்தா நீங்க தண்ணிய தாண்டி உப்பையே உடைச்சிட்டீங்க, கறுப்பு காப்பர் ஆக்சைடு ஆயிடுச்சு, இனிமே தண்ணி ஊத்தினாலும் நீலம் திரும்பாது.

தண்ணி போனா கலர் ஏன் போகுது?

நீலம் காப்பரோட சொந்த கலர் இல்ல. சுத்தி நிக்கற தண்ணி மூலக்கூறுங்க காப்பரோட எலக்ட்ரான்கள ஒரு குறிப்பிட்ட அளவுக்கு பிரிச்சு வைக்குது, அதனால அது சிவப்பு, ஆரஞ்சு பக்கத்து ஒளிய விழுங்கிடும், மீதி நீலம் நம்ம கண்ணுக்கு வருது. தண்ணி போயிட்டா அந்த இடத்துக்கு சல்ஃபேட்டோட ஆக்சிஜன் வரும், அதோட பிடி கொஞ்சம் தளர்வு, விழுங்கற ஒளி கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு பக்கம் நகந்துடும். நம்ம பார்வைக்கு வெள்ளை.

நிக்கல் சல்ஃபேட் பச்சைலருந்து மஞ்சளுக்கு போகும், கோபால்ட் குளோரைடு ரோஸ்லருந்து நீலத்துக்கு போகும். அந்த ரோஸ் சொல்யூஷன தொட்டு காகிதத்துல எழுதினா கண்ணுக்கே தெரியாது, சூடு காட்டினா நீலமா எழுத்து எழும்பும், ஈரக் காத்து பட்டா மறுபடி மறைஞ்சுடும். பழைய சிலிக்கா ஜெல் பொட்டலத்துல நீல மணி ரோஸா மாறறதும் இதே கோபால்ட்தான் (இது உடம்புக்கு ஆகாது, கையால அள்ள வேண்டாம்). ஆனா கலர் மாறினாத்தான் படிக நீர்னு முடிவு கட்டிடாதீங்க, எப்சம் உப்பும் படிகாரமும் ஜிப்சமும் தண்ணியோடயும் வெள்ளை, தண்ணி இல்லாமயும் வெள்ளை.

வெள்ளைப் பொடில ஒரு சொட்டு விட்டேன், நீலமாச்சு, அப்ப அந்த சொட்டு சுத்தமான தண்ணிதானே?

இல்ல. தண்ணி இருக்குன்னுதான் அர்த்தம், சாக்கடைத் தண்ணி விட்டாலும் நீலமாகும். சுத்தமான்னு பாக்க கொதிநிலையோ உறைநிலையோ பாக்கணும். ஆல்கஹால்ல கொஞ்சம் தண்ணி கலந்திருக்கான்னு பாக்க இந்த பொடி ரொம்ப உதவும்.

சொட்டு விட்டப்ப டியூப்ப கையில பிடிச்சிருந்தா இன்னொண்ணும் கவனிச்சிருப்பீங்க, சுருக்குனு சுடும். தண்ணிய விரட்ட நீங்க கொடுத்த சூட்ட அது திருப்பிக் கொடுக்குது. நீலப் படிகத்த தண்ணில கரைச்சா நேர் எதிர், சொல்யூஷன் லேசா குளுந்து போகும். ஒரே உப்பு, ஒண்ணு சுடுது ஒண்ணு குளுருது, தண்ணி ஏற்கனவே உள்ள உக்காந்துடுச்சா இல்லையாங்கறதுதான் வித்தியாசம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல "அரை தண்ணி"ன்னு போட்டிருக்கு. மூலக்கூற எப்படி பாதியா வெட்டுவாங்க?

யாரும் வெட்டல. ரெண்டு கால்சியம் சல்ஃபேட்டுக்கு ஒரு தண்ணின்னு அர்த்தம், ஒண்ணுக்கு எவ்வளவுன்னு எழுதும்போது அரைன்னு வருது. ரெண்டு பேருக்கு ஒரு குடைன்னா ஆளுக்கு அரைக் குடை, அதுக்காக குடைய கிழிச்சா வச்சிருக்கோம்.

ஜிப்சத்துல ஒரு கால்சியம் சல்ஃபேட்டுக்கு 2 தண்ணி. அத சுமார் 120லருந்து 150 டிகிரி சூட்டுல வறுத்தா ஒண்ணரை தண்ணி போயி அரை தண்ணி மிஞ்சும், அதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணி விட்டு குழைச்சா போன ஒண்ணரைய திரும்ப இழுத்துக்கிட்டு மறுபடி ஜிப்சமா ஊசி ஊசியா படிகம் கட்டும், அந்த ஊசிங்க ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கறதாலதான் கல்லு மாதிரி இறுகுது. நிறைய பேரு அது காயறதால இறுகுதுன்னு நினைக்கறாங்க, அது தப்பு, இறுகும்போது அது தண்ணிய குடிச்சுக்கிட்டு இருக்கு, காயறது அதுக்கப்பறம் நடக்கற வேற வேலை. இறுகும்போது லேசா விரியவும் செய்யும், அதனாலதான் அச்சோட மூலை முடுக்கு எல்லாம் அப்படியே பதியுது. சூடும் கிளம்பும், நிறைய குழைச்சு அதுக்குள்ள கைய விட்டு அச்செடுக்கலாம்னு யாரும் விளையாடக் கூடாது, கை வெந்து போற அளவுக்கு சூடேறும், இறுகிட்டா கைய எடுக்கவும் முடியாது.

வறுக்கும்போது சூடு அதிகமாயி மொத்த தண்ணியும் நல்லா போயிட்டா அதுக்கு 'செத்த பிளாஸ்டர்'னு பேரு, அப்புறம் தண்ணி விட்டா சேறு மாதிரி கிடக்கும், சீக்கிரத்துல இறுகாது.

இதுலருந்து கிடைக்கற ஒரு நல்ல காரியம் தீத் தடுப்பு. ஜிப்சம் பலகைல எடைக்கு கிட்டத்தட்ட 21 சதவீதம் தண்ணி. ஒரு பக்கம் தீ பிடிச்சா மொதல்ல அந்த தண்ணி எல்லாம் ஆவியாகி வெளியேறணும், தீயோட சூடு அந்த வேலைக்கே செலவாகுது, அது தீர்ற வரைக்கும் மறு பக்கம் 100 டிகிரி சுத்துவட்டாரத்துலயே நிக்கும். தப்பிச்சு ஓட அந்த நேரம் போதும்.

சில உப்பு திறந்து வச்சா பொடியா உதிருது, சிலது தண்ணியா ஒழுகுது. ஏன் இப்படி?

ஒவ்வொரு நீரேறிய உப்பும் தன்னோட தண்ணிய வெளிய தள்ள ஒரு அழுத்தம் வச்சிருக்கும், காத்துல இருக்கற நீராவிக்கும் ஒரு அழுத்தம் இருக்கும். எது பெருசோ அது ஜெயிக்கும், விஷயம் அவ்வளவுதான்.

வாஷிங் சோடா படிகத்தோட தள்ளு பெருசு. திறந்து வச்சா கண்ணாடி மாதிரி இருந்த படிகத்து மேல மாவு பூத்த மாதிரி வெள்ளை படியும், நாளாக ஆக முழுசும் உதிர்ந்துடும், பத்து தண்ணில ஒன்பது காத்தோட போயிடும். 100 கிராம் வச்சிருந்தீங்கன்னா கடைசில கையில நிக்கறது 43 கிராம். எடை குறைஞ்சுதேன்னு யாரோ எடுத்துட்டாங்கன்னு சந்தேகப்பட வேண்டாம், உப்பு அப்படியேதான் இருக்கு.

கால்சியம் குளோரைடு நேர் மாறு. அது காத்துலருந்து தண்ணிய இழுக்கும், மொதல்ல தன் படிகத்துக்குள்ள உக்கார வைக்கும், ஆறு தண்ணி வரைக்கும், அப்புறமும் ஆசை அடங்காம இழுத்து இழுத்து கடைசில தானே அந்த தண்ணில கரைஞ்சு குளமா நிக்கும். மயில்துத்தம் நடுத்தரம், காத்துல ஈரப்பதம் சுமார் மூணுல ஒரு பங்குக்கு மேல இருந்தா அது பாட்டுக்கு அப்படியே நீலமா இருக்கும், ரொம்ப வறண்ட காத்துல வச்சா மட்டும் ஓரம் வெளுக்கும்.

அதனால படிகத்த "நல்லா காயட்டும்"னு அடுப்புலயோ டெசிகேட்டர்லயோ (ஈரத்த உறிஞ்சற பொருள் போட்டு மூடின கண்ணாடிப் பாத்திரம்) வைக்கறது பெரிய தப்பு, ஈரம் மட்டும் போகாது, உள்ள இருக்கறதும் கிளம்பிடும். வடிதாள்ல ஒத்தி எடுத்து மூடி வையுங்க.

எல்லா உப்புலயும் படிக நீர் இருக்குமா?

இல்ல. சாதா உப்பு, வெடியுப்பு, பொட்டாசியம் பெர்மாங்கனேட், இதுல எல்லாம் கிடையாது. பொதுவா சின்ன அயனி, பிளஸ் மின்சுமை ஜாஸ்தின்னா தண்ணிய கெட்டியா பிடிக்கும், மெக்னீசியம், அலுமினியம், இரும்பு, காப்பர் எல்லாம் அந்த வகை. பொட்டாசியம் பெரிய அயனி, ஒரே ஒரு பிளஸ், அதனால பிடிப்பு கம்மி. சோடியம் சல்ஃபேட் பத்து தண்ணியோட படியும், பொட்டாசியம் சல்ஃபேட் ஒண்ணு கூட இல்லாம படியும், பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்கதான், குணம் வேற.

"கிடையாது"ன்னு சொன்ன சாதா உப்பு கூட குளுர்ல மாறிடும். 0 டிகிரிக்கு கீழ குளுரவச்ச கெட்டியான உப்புத் தண்ணிலருந்து ரெண்டு தண்ணி சேந்த படிகம் வரும், ஹைட்ரோஹாலைட்னு பேரு. 0 டிகிரிய கொஞ்சம் தாண்டினாலே தண்ணிய கழட்டி விட்டுட்டு பழையபடி உப்பாயிடும்.

ஒரே உப்புக்கு வேற வேற எண்ணிக்கைல தண்ணி இருக்க முடியுமா?

தாராளமா. மெக்னீசியம் சல்ஃபேட்தான் இதுல கில்லாடி, ஒண்ணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழுன்னு வரிசையா வச்சிருக்கு, ஏழு இருந்தா அது எப்சம் உப்பு. குளுர்ல இன்னும் ஜாஸ்தி தண்ணியோட ஒண்ணு வரும், ரொம்ப காலமா அதுல 12னு எழுதிக்கிட்டிருந்தாங்க, 2006லதான் அது 11னு தெரிஞ்சுது. 2 டிகிரிக்கு மேல போனா அது எப்சம் உப்பாவும் தண்ணியாவும் பிரிஞ்சிடும். அதுக்கு மெரிடியானிஐட்னு பேரு வச்சாங்க, செவ்வாய் கிரகத்துல மெரிடியானி பிளானம்னு ஒரு சமவெளி இருக்கு, நாசாவோட ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் வண்டி இறங்கின இடம், அந்த பேருதான். அதே ரோவர் 2011ல பாறை இடுக்குல வெள்ளைக் கோடா ஓடற ஜிப்சத்த பாத்துச்சு. ஜிப்சம் சும்மா வராது, தண்ணி ஓடி அதுலருந்து படிஞ்சாத்தான் வரும், அதனால அந்த வெள்ளைக் கோடு பெரிய சாட்சி.

பூமில ஜிப்சம் எவ்வளவு தூரம் வளரும்னா, மெக்சிகோவுல நைக்கா சுரங்கத்துல 2000ல ஒரு குகைய திறந்தாங்க, உள்ள 11 மீட்டர் நீளத்துக்கு தூண் தூணா ஜிப்சம் படிகம். அந்த இடத்து சூடு 58 டிகிரி கிட்ட, ஜிப்சமும் தண்ணி இல்லாத அதோட தம்பி அன்ஹைட்ரைட்டும் நீயா நானான்னு சமமா நிக்கற சூடு அது. அன்ஹைட்ரைட் கொஞ்சம் கொஞ்சமா கரைய, ஜிப்சம் கொஞ்சம் கொஞ்சமா வளர, அவசரமே இல்லாம லட்சக்கணக்கான வருஷம் நடந்த வேலை.

தண்ணி எண்ணிக்கை ஒண்ணா இருந்தும் கலர் வேறயா ரெண்டு பாட்டில் இருக்கே?

குரோமியம் குளோரைடு தானே, ரெண்டுலயும் 6 தண்ணி, ஒண்ணு ஊதா ஒண்ணு பச்சை. ஊதாவுல ஆறு தண்ணியும் குரோமியத்த சுத்தி நிக்குது, மூணு குளோரைடும் வெளிய. கடைல சாதாரணமா கிடைக்கற பச்சைல நாலு தண்ணியும் ரெண்டு குளோரைடும் உள்ள, மீதி வெளிய. சில்வர் நைட்ரேட் விட்டா வெளிய நிக்கற குளோரைடு மட்டும் வெள்ளையா படியும், ஊதாவுல மூணும் படியும், அந்த பச்சைல ஒண்ணுதான். இந்த மாதிரி எண்ணிப் பாத்துப் பாத்துத்தான் வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர் 1893ல சொன்ன அணைவுச் சேர்மக் கொள்கை (உலோக அயனிய சுத்தி எது எது நேரா ஒட்டி நிக்குதுன்னு சொல்றது) நின்னுச்சு, 1913ல நோபல் பரிசும் வந்துச்சு.

சூடு பண்ணா எல்லா உப்பும் சமத்தா நீரற்ற உப்பா மாறிடுமா?

மாறாது, இதுல பல பேரு கைய சுட்டுக்கிட்டாங்க. மெக்னீசியம் குளோரைடு ஆறு தண்ணியோட இருக்கும், அத அப்படியே சூடு பண்ணா கடைசி தண்ணிங்க போறப்ப சும்மா போகாது, குளோரைடையும் இழுத்துக்கிட்டு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவா போகும், உள்ள மிஞ்சறது ஆக்சைடும் அரைகுறையா ஒரு உப்பும். அலுமினியம் குளோரைடும் அதே ரகம். ஒழுங்கா நீரற்றது வேணும்னா ஹைட்ரஜன் குளோரைடு வாயுவ ஓட விட்டுக்கிட்டே சூடு பண்ணணும். பச்சைத் துத்தத்த விடாம காய்ச்சினா தண்ணி போனதோட நிக்காது, கந்தக வாயு எல்லாம் கிளம்பி கடைசில செம்மண் மாதிரி இரும்பு ஆக்சைடுதான் மிஞ்சும்.

படிகாரம் இன்னொரு வேடிக்கை, 92 டிகிரி கிட்ட தன்னோட தண்ணிலயே தான் உருகும், அப்புறம் நுரைச்சு நுரைச்சு பொங்கி பொரி மாதிரி லேசா, வெள்ளையா நிக்கும். அந்த பொங்கல் முழுக்க 12 தண்ணியும் ஆவியா வெளிய வர்ற அமளி.

தன் தண்ணிலயே உருகறதுன்னா?

உப்பு உருக நூத்துக்கணக்கான டிகிரி வேணும், ஆனா நிறைய படிக நீர் இருக்கற உப்பு கொஞ்ச சூட்டுலயே தண்ணிய விட்டு, அந்த தண்ணிலயே கரைஞ்சு உருகின மாதிரி ஆயிடும். கிளாபர் உப்புன்னு சொல்ற சோடியம் சல்ஃபேட் (பத்து தண்ணி) 32.4 டிகிரிலயே இந்த வேலைய காட்டும். அந்த டிகிரி அவ்வளவு துல்லியமா நிக்கறதால தெர்மாமீட்டர் சரிபாக்கவே அத வச்சிருந்தாங்க. இதே உப்போட கரைதிறன் கோட்ட வரைஞ்சா 32.4 வரைக்கும் கிடுகிடுன்னு ஏறும், அங்க ஒரு முட்டு, அப்புறம் லேசா இறங்கும். காரணம் முட்டுக்கு அந்தப்பக்கம் கரையறது நீரற்ற உப்பு, இந்தப்பக்கம் பத்து தண்ணி உப்பு.

உருகும்போது விழுங்கின சூட்ட உறையும்போது திருப்பிக் கொடுக்கும், அப்ப பகல் வெயில இதுல பிடிச்சு வச்சு ராத்திரி வீட்ட சூடாக்கலாமேன்னு மரியா டெல்கஸ்ங்கற விஞ்ஞானி யோசிச்சாங்க. 1948ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல டோவர்ங்கற ஊர்ல அப்படி ஒரு வீடே கட்டினாங்க, வடிவமைச்சது எலினோர் ரேமண்ட். கொஞ்ச வருஷம் ஓடிச்சு, அப்புறம் சொதப்பிச்சு. ஏன்னா உருகும்போது நீரற்ற உப்பு கொஞ்சம் அடில போயி படிஞ்சுடும், மறுபடி உறையறப்ப மேல இருக்கற தண்ணியோட சரியா சேராது, சுத்து சுத்தா அடுக்கு பிரிஞ்சுக்கிட்டே போகும்.

சோடியம் அசிடேட் (மூணு தண்ணி, 58 டிகிரி) இதுல கொஞ்சம் சமத்து. கைல வச்சு சூடு காட்டற பை இருக்கே, உள்ள ஒரு தகட்ட டிக்குன்னு அமுக்கினா தெளிவா இருந்த திரவம் சட்டுனு வெள்ளையா உறைஞ்சு சுடும், அது இதுதான். வெந்நீர்ல போட்டா மறுபடி திரவம்.

எத்தனை தண்ணின்னு நானே கண்டுபிடிக்க முடியுமா?

தராசும் அடுப்பும் போதும். காலி குருசிபிள் (சூடு தாங்கற சின்னக் கிண்ணம்) எடை, படிகம் போட்டு எடை, நல்லா சூடு பண்ணி டெசிகேட்டர்ல ஆற வச்சு எடை. திரும்ப சூடு, திரும்ப எடை, ரெண்டு எடை ஒண்ணா வர்ற வரைக்கும். 2.50 கிராம் படிகம் போட்டு 1.60 கிராம் மிஞ்சிச்சுன்னு வையுங்க. போன தண்ணி 0.90 கிராம், தண்ணியோட மூலக்கூறு எடை 18ஆல வகுத்தா 0.05 மோல். மிஞ்சின உப்பு 1.60, 159.6ஆல வகுத்தா 0.01 மோல். 0.05க்கு 0.01, ஒண்ணுக்கு அஞ்சு. முடிஞ்சுது.

விடை 4.6னு வந்தா பெரும்பாலும் சூடு பத்தலை. 5.4னு வந்தா படிகம் ஈரமா இருந்திருக்கும், இல்ல கறுக்கற வரைக்கும் காய்ச்சியிருப்பீங்க, இல்ல படபடன்னு தெறிச்சு கொஞ்சம் வெளிய போயிருக்கும். ஆறும்போது திறந்து வச்சா காத்து ஈரத்த பிடிச்சு எடை ஏறும், அதனால 4.8. எந்தப்பக்கம் தப்பிச்சுதுன்னு பாத்தாலே எந்த தப்புன்னு சொல்லிடலாம்.

இதெல்லாம் பரீட்சைக்கு சரி, நெஜத்துல எங்க அடிக்கும்?

எடை போடற எல்லா இடத்துலயும். ஆக்சாலிக் அமிலம் வாங்கினா ரெண்டு தண்ணியோட வரும், எடை 126, ஆனா 90னு போட்டு கணக்கு பண்றவங்க இன்னமும் இருக்காங்க. மருந்துலயும் உண்டு, அமாக்சிசிலின்ங்கற ஆன்டிபயாடிக் மூணு தண்ணியோட இருக்கற படிகமாத்தான் மாத்திரைல போகுது, அட்டைல 500 மில்லிகிராம்னு போட்டிருந்தா உள்ள 574 மில்லிகிராம் படிகம் இருக்கும். மிச்ச 74 படிக நீர், அதுக்கு மருந்து வேலை எதுவும் கிடையாது.

பாட்டில் லேபிள்ல பெரிய எழுத்துல இருக்கற பேர மட்டும் பாக்காதீங்க. அதுக்கு கீழ பொடி எழுத்துல பென்டாஹைட்ரேட் (5 தண்ணி), ஹெப்டாஹைட்ரேட் (7 தண்ணி), இல்லைன்னா நீரற்றதுன்னு ஏதாவது போட்டிருக்கும், பக்கத்துலயே மூலக்கூறு எடையும் இருக்கும். புக்க மூடிட்டு அந்த எடைய எடுத்து கணக்கு போடுங்க.

வெளிய வர்ற தண்ணிய குடிக்கலாமா?

வாலை வடிச்ச தண்ணி மாதிரிதான் வரும், ஆனா மயில்துத்தம் விஷம், அது இருந்த டியூப்லருந்து சொட்டறத வாயில வைக்க வேண்டாம்.